வேலைக்கும் போக வேண்டும், அதன் பக்கத்திலும் இருக்க வேண்டும்: செல்லப்பிராணிக்கு விடைகொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு நாயோ பூனையோ கடைசிக் காலத்தில் இருக்கும்போதும் காலையில் வேலைக்குக் கிளம்பத்தான் வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சமைக்க வேண்டும், அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிடும். அந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நாய், பூனையை மனதில் வைத்து எழுதியது. முயலோ கிளியோ வளர்ப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மருந்து, சிகிச்சை விஷயத்தில் உங்கள் பிராணியை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எனக்கு இப்போதே அழுகை வருகிறது. இது சரியா?

சரிதான். இழப்பு வருவதற்கு முன்பே துக்கம் தொடங்கிவிடும் என்பதை மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944-லேயே எழுதியிருக்கிறார். மருத்துவர் "இனி குணமாகாது" என்று சொன்ன நாளிலிருந்தே உங்கள் மனம் விடைபெற ஆரம்பித்துவிட்டது. அழுகை வந்தால் அழுங்கள். அதற்காக, மீதமிருக்கும் நாட்கள் முழுவதும் அழுகையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அது வெயிலில் படுத்துச் சோம்பல் முறிக்கும் நேரத்தில் நீங்களும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

வேலைக்குப் போகும்போது அதைத் தனியே விட்டுப் போவது துரோகம் மாதிரி இருக்கிறது.

துரோகம் இல்லை. வயதான, நோயுற்ற பிராணி ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். நீங்கள் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், விளக்கை அணைக்கும் நேரம் எல்லாம் அதற்குப் பழகிப்போனவை. அந்த ஒழுங்கு கலையும்போதுதான் அது குழம்பும். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்து கலங்கிய முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தால், நம் பதற்றம் அதற்கும் தொற்றிக்கொள்ளும். கடைசி நாட்களில் அதற்கு நாம் கொடுக்கக்கூடிய நல்ல விஷயங்களில் முக்கியமானது, வழக்கமான ஒரு நாள். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

நீங்கள் இல்லாத நேரத்தை அதற்குச் சுலபமாக்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் படுக்கையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வழுக்கும் தரையில் கால் பிடிக்கிற மாதிரி விரிப்பு போடுங்கள். பூனை மலஜலம் கழிக்கும் மண் தட்டுக்கு விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். மூட்டுவலி உள்ள பூனை விளிம்பைத் தாண்ட முடியாமல்தான் பல சமயம் தட்டுக்கு வெளியே போய்விடுகிறது. எழுந்து நிற்க முடியாத நாயை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் தோளிலும் படுக்கைப் புண் வந்துவிடும். அந்த நிலை வந்துவிட்டால் பகலில் யாராவது வந்துபோக ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். மருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால், கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகமும் இரட்டை டோஸும் தவிரும்.

அப்புறம், மேலதிகாரியிடமோ ஒரு சக ஊழியரிடமோ நிலைமையை முன்பே சொல்லிவைப்பது நல்லது. "வீட்டில் ஒரு உயிர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, திடீரென்று கிளம்ப வேண்டி வரலாம்" என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைக்கும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான். "அதுவே உன்னைப் பார்த்துச் சொல்லிவிடும்" என்பார்கள். சில பிராணிகள் அப்படிச் சொல்லவும் செய்யும். பல சொல்லாது. நாம் தினமும் பார்க்கிறோம் என்பதே இங்கே தடையாகிவிடுகிறது. சரிவு கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கண் பழகிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய வீடியோ ஒன்றைப் போட்டு, அப்போது எப்படி நடந்தது, எப்படி எழுந்தது என்று பாருங்கள். வேதனையாக இருக்கும், ஆனால் உண்மை தெரியும்.

கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 10 என்றால் நன்றாக இருக்கிறது. வலி என்ற தலைப்பில் மூச்சுவிடும் சிரமத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கூட்டினால் 35-க்கு மேல் வந்தால் ஓரளவு நல்ல வாழ்க்கை இன்னும் இருக்கிறது என்று கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 45 போடுவார், இன்னொருவர் 25 போடுவார். அந்த வித்தியாசத்தைப் பற்றி உட்கார்ந்து பேசும்போதுதான் யார் எதைப் பார்க்காமல் இருந்தோம் என்பது வெளிவரும்.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால், நாட்காட்டியில் தினமும் இரவு நல்ல நாளா கெட்ட நாளா என்று ஒரு குறி போடுங்கள். வேலை நெருக்கடியில் நேற்று எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும், குறி மறக்காது. கெட்ட நாட்கள் வரிசையாக வர ஆரம்பித்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் "உங்கள் பிராணியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். மனதைத் திறந்து பதில் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூச்சுக்குத் திணறுவது, ஈறு நீலமாகவோ வெள்ளையாகவோ மாறுவது, பூனை வாயைத் திறந்து மூச்சுவிடுவது, நிற்காத வலிப்பு, இவற்றுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும். இதய நோயுள்ள நாய் என்றால், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பழகுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாப்பிடுகிறது, வாலாட்டுகிறது. அப்படியானால் வலி இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வலியோடே சாப்பிடும் நாய்கள் ஏராளம். உங்களைப் பார்த்த சந்தோஷத்தில் வாலாட்டும், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகப் படுத்துவிடும். இரவில் நிலைகொள்ளாமல் நடப்பது, ஓய்வாக இருக்கும்போதும் மூச்சிரைப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருப்பது, தொட்டால் விலகுவது எல்லாம் வலியின் அடையாளங்களாக இருக்கலாம். பூனை இன்னும் அதிகமாக மறைக்கும். வலியில் இருக்கும் பூனைகூடச் சுகமாக இருப்பதுபோல் "குர்ர்" என்று மெல்லச் சத்தமிட்டுக்கொண்டு மடியில் படுத்திருக்கும். காதுகளின் நிலை, கண் சுருக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்து வலியை அளக்கும் முறை ஒன்றை மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். அடிக்கடி படம் எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டினால் அவருக்கும் உதவும்.

வீட்டில் நமக்கு இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். இபுப்ரூஃபன் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து. அவற்றுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

ஊசி போடாமல் இயற்கையாகவே போகட்டும் என்று விடலாமா?

விடலாம், வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து இருந்து, மருத்துவரின் கண்காணிப்பும் இருந்தால். தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விடும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். சில பிராணிகளுக்கு அது வாய்க்கிறது. சிறுநீரகமோ இதயமோ செயலிழந்து போகும்போது கடைசிக் கட்டம் பல மணி நேரம், சில சமயம் நாட்கள்கூட நீளும். குமட்டல், திணறல், வலிப்பு வரலாம். அதுவும் நள்ளிரவில் எந்த மருத்துவமனையும் திறந்திராத நேரத்தில் வரலாம். நம்பிக்கை காரணமாக உயிரை எடுக்க மனம் ஒப்பாதவர்கள் உண்டு, அதை மதிக்கிறேன். அவர்களும் நோயின் முடிவு எப்படி இருக்கும் என்பதை மருத்துவரிடம் முன்பே தெளிவாகக் கேட்டுவைத்து, அவசரத்துக்கான மருந்தை வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சையைத் தொடரப் பணம் இல்லை. அதனால் முடிவெடுத்தால் அன்பில்லை என்றாகுமா?

ஆகாது. குடும்பத்தை நடத்திக்கொண்டே அதையும் பார்க்கிறீர்கள். எவ்வளவு முடியும் என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். குணமாக்கும் சிகிச்சை எட்டாத தூரத்தில் இருந்தாலும், வலியைக் குறைக்கும் சிகிச்சை பெரும்பாலும் எட்டும். அதுவும் முடியாமல் போய், துன்பப்படாமல் அனுப்பிவைப்பது மட்டுமே உங்கள் கையில் இருந்தால், அதைச் செய்வதும் பார்த்துக்கொள்வதில் சேர்ந்ததுதான்.

ஊசியை எந்த நாளில், எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது?

முடிந்தால், அன்று மறுபடி வேலைக்குத் திரும்ப வேண்டிய நிலை இல்லாத நேரம். பலர் மருத்துவரின் கடைசி நேர ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள், கூட்டம் குறைவாக இருக்கும். கையெழுத்து, கட்டணம் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு வரிசையில் நின்று பணம் கட்டுவது கொடுமை. வீட்டுக்கே வரும் மருத்துவர் இருந்தால் இன்னும் நல்லது. திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை என்றாலே நடுங்கும் பூனைக்கு, கிளம்புவதற்கு முன் கொடுக்க காபாபென்டின் போன்ற அமைதி மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம்.

பிறந்தநாள், பண்டிகை நாட்களைத் தவிருங்கள். அந்தத் தேதி வருடாவருடம் வரும்.

ஊசி போடும்போது என்ன நடக்கும்?

முன்கூட்டித் தெரிந்திருந்தால் பயம் குறையும். பொதுவாக முதலில் தூக்க மருந்து கொடுப்பார்கள். சில நிமிடங்களில் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு காலில் உள்ள ரத்த நாளம் வழியாக பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார்கள். சில நொடிகளில் நினைவு முழுவதும் போய்விடும், ஒரு சில நிமிடங்களில் இதயம் நிற்கும். மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்வார்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் தெரியாதவர்களைக் கலங்கடிக்கும். கண்கள் மூடாமல் திறந்தே இருக்கும். தசை துடிக்கலாம். இதயம் நின்ற பிறகும் ஓரிரு பெருமூச்சு மாதிரி வரலாம். சிறுநீரும் மலமும் வெளியேறலாம். இவை உடலின் தானியங்கிச் செயல்கள். அதற்கு வலியோ நினைவோ அப்போது இல்லை.

நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டுமா?

முடிந்தால் இருங்கள். அந்தப் புது இடத்தில் அதற்குத் தெரிந்த குரல் உங்களுடையது மட்டும்தான். முழுவதும் தாங்க முடியாது என்றால், தூக்க மருந்து வேலை செய்து அது கண்ணயரும் வரையாவது கூட இருந்துவிட்டு வெளியே வரலாம். வெளியூரில் மாட்டிக்கொண்டோ உடல்நிலை சரியில்லாமலோ வர முடியாதவர்கள், அதற்குப் பழக்கமான இன்னொருவரை அனுப்பினால் போதும். அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொண்டுபோகலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

செத்துப்போய்விட்டது என்று சொல்லுங்கள். "தூங்கிவிட்டது" என்று சொல்லப்பட்ட குழந்தை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறது" என்று கேட்ட குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இறந்த உயிர் திரும்பாது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள்தான் மெல்லப் புரிய ஆரம்பிக்கிறது. அதனால் சின்னக் குழந்தை நாளையும் கேட்கும், அடுத்த வாரமும் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். "உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது, இனி அதற்கு வலிக்காது" என்பது போதும். குழந்தை இரண்டு நிமிடம் அழுதுவிட்டு விளையாட ஓடினால், பாசம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களின் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும். பள்ளி ஆசிரியரிடமும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

உடலை என்ன செய்வது?

இதை முன்பே முடிவு செய்துவைத்தால் அன்றைக்கு ஒரு சுமை குறையும். வீட்டில் இறந்தால், சில மணி நேரத்திலேயே உடல் விறைக்கத் தொடங்கும். அதற்கு முன் கைகால்களை மெதுவாக மடக்கி, அது தூங்குகிற மாதிரி வைத்து, நீர் உறிஞ்சும் துணியை அடியில் போட்டுச் சுற்றி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். தகனமா, அடக்கமா என்பது உங்கள் ஊரில் உள்ள வசதியையும் விதிகளையும் பொறுத்தது. சொந்த இடத்தில் புதைப்பதானால் குறைந்தது 3 அடி ஆழம், கிணறு போன்ற நீர்நிலைகளிலிருந்து தள்ளி. ஊசி போட்டு இறந்த உடலில் அந்த மருந்து நெடுநாள் தங்கியிருக்கும். வேறு விலங்கு தோண்டித் தின்றால் அதுவும் சாகும். அதனால் ஆழத்தில் சமரசம் வேண்டாம்.

மறுநாளே வேலைக்குப் போகலாமா? "ஒரு நாய்க்காகவா இப்படி?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்?

போகலாம், போகாமலும் இருக்கலாம். சிலருக்கு வேலை மூச்சுவிட இடம் கொடுக்கும், சிலருக்கு அன்று திரையைப் பார்க்கவே முடியாது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது: துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பை நினைத்து உருகுவார், இன்னொரு நேரம் அடுத்த வேலையைப் பார்ப்பார், இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியமான துக்கம். கூட்டத்தில் நன்றாகப் பேசிவிட்டுப் படிக்கட்டில் அழுவது, இரவு அழுதுவிட்டுக் காலையில் சாப்பாடு கட்டுவது, இரண்டுமே உண்மையானவை. ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிட்டு, உடனே குற்றவாளி மாதிரி நிற்க வேண்டாம்.

"ஒரு நாய்க்காகவா" என்று கேட்பவர்கள் பலர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி காயப்படுத்தும். சமூகம் ஏற்றுக்கொள்ளாத துக்கம் கூடுதலாக வலிக்கும் என்பதை, துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோகா 1989-லேயே விளக்கமாக எழுதியிருக்கிறார். மனிதர் இறந்தால் விடுப்பு, சடங்கு, வந்து உட்காரும் உறவு எல்லாம் உண்டு. இங்கே எதுவும் கிடையாது. அதனால் யாரிடம் சொல்வது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பிராணி வளர்த்த ஒருவர் போதும்.

இது இந்தக் காலத்துச் செல்லம் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பான் நகரையொட்டிய ஓபர்காசெலில் 1914-ல் கிடைத்த சுமார் 14,000 ஆண்டுப் பழைய கல்லறையில், இரண்டு மனிதர்களோடு ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. அதன் பற்களைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் போன்ற கடும் நோய் வந்ததையும், யாரோ வாரக்கணக்கில் கவனித்துக்கொள்ளாமல் அது அவ்வளவு நாள் பிழைத்திருக்காது என்பதையும் 2018-ல் எழுதினார்கள். வேட்டைக்கு ஆகாத, நோய்ப்பட்ட ஒரு குட்டியை அந்த மனிதர்கள் தங்கள் அன்றாடப் பாடுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது போனபின் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

இரவெல்லாம் விழித்து, மருந்து கொடுத்து, துடைத்து, காலையில் வேலைக்கும் போன உடம்பு அது. ஓய்வு கிடைத்ததும் தளரும். அதன் வலி முடிந்ததிலும் உங்கள் களைப்பு முடிந்ததிலும் வரும் நிம்மதி, பாசத்தோடு சேர்ந்தே இருக்கும்.

சீக்கிரம் முடிவெடுத்துவிட்டேனோ? தாமதித்துவிட்டேனோ?

இந்த இரண்டில் ஒன்று எல்லோரையும் அரிக்கும். இப்போது உங்களுக்குத் தெரிந்தது அன்று தெரியாது. அன்று மருத்துவர் சொன்னதையும், நாட்காட்டியில் நீங்கள் போட்ட குறிகளையும் எடுத்துப் பாருங்கள். சந்தேகம் விடவில்லை என்றால் சில வாரங்கள் கழித்து அதே மருத்துவரிடம் போய்க் கேட்கலாம். அந்தப் பேச்சு பலருக்குப் பெரிய பாரத்தை இறக்கியிருக்கிறது.

வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருக்கிறது. அதற்குப் புரியுமா?

மாற்றம் நிச்சயம் தெரியும். தேடும், கத்தும், ஒட்டிக்கொண்டே திரியும், சாப்பாடு குறையும். இறந்த உடலை முகர்ந்து பார்க்க விடலாம், தொற்றுநோயில் இறந்திருந்தால் மட்டும் வேண்டாம். சாப்பாடு, நடை, தூக்க நேரத்தை மாற்றாதீர்கள். அதற்காக மாலை நடைக்குக் கிளம்புவது உங்களுக்கும் நல்லதுதான். பூனை இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கல்லீரல் கெட்டுவிடும்.

எப்போது மனநல ஆலோசனை தேட வேண்டும்?

வாரங்கள் கடந்தும் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் ஓடவில்லை என்றால். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. அதன் சத்தம் கேட்பது, கதவோரம் நிற்பதுபோல் தோன்றுவது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், துக்கத்தில் அது சகஜம்.

அடுத்து ஒன்று எப்போது வளர்க்கலாம்?

வீட்டில் எல்லோரும் தயார் என்று சொல்லும்போது. ஒருவர் இன்னும் அழுதுகொண்டிருக்கும்போது அவருக்குத் தெரியாமல் குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது நல்லதில்லை. உடல்ரீதியான ஒரு காரணமும் உண்டு. பழைய நாய் பார்வோ என்ற வைரஸ் நோயிலோ, பூனை பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோயிலோ இறந்திருந்தால், அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பு அதைக் கொல்லாது, ப்ளீச் கரைசல் தேவை. தடுப்பூசி முழுவதும் முடிந்த பிராணியை மட்டும், மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்.

மீந்துபோன மருந்தும் உணவும் பொருட்களும்?

அவசரம் இல்லை. கிண்ணத்தையும் கழுத்துப்பட்டையையும் பார்க்க முடியவில்லை என்றால் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், பிறகு முடிவு செய்யலாம். பிரிக்காத உணவைப் பிராணிகள் காப்பகம் வாங்கிக்கொள்ளும். மருந்தை மட்டும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். கழிப்பறையில் கொட்டாதீர்கள், அடுத்தவர் பிராணிக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். போகிற போக்கில், அடுத்த தடுப்பூசி நினைவூட்டல் உங்கள் எண்ணுக்கு வராதபடி பதிவை மாற்றச் சொல்லிவிடுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அந்தப் பதிவிலும், உரிமம் எடுத்திருந்தால் அந்த அலுவலகத்திலும் சொல்ல வேண்டும்.